ஜேம்ஸ் வாட்டும் பெரியம்மாவின் 60 யுனிட்டும்

தம்பலகாமத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போனால் முதலில் தேத்தண்ணி வரும். அதற்குப் பின்னால் கரண்ட் பில் வரும். பிள்ளைகளில் ஊடகம் படித்தவள் நான்தான் என்பதால், பத்திரிகையில் வருவதெல்லாம் எனக்கு விளங்கும் என்பது அவரது நம்பிக்கை.

அந்தப் பில்லில் இன்னமும் பெரியப்பாவின் பெயர்தான் இருக்கிறது. அவர் எண்பதுகளின் கடைசியில் அந்த வீட்டுக்கு லைட் எடுத்தார். 1990இல், எனக்கு இரண்டு வயதாக இருந்தபோது, எங்கள் குடும்பம் இடம்பெயர்ந்தது. பெரியப்பா எங்களோடு வந்து சேரவில்லை. வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, கம்பியும் இல்லை. மறுபடி இணைப்புக் கிடைத்தபோது பழைய பெயரிலேயே கிடைத்தது. பெயரை மாற்ற மரணச் சான்றிதழ் வேண்டும். அதை எடுக்கப் பெரியம்மா இன்றுவரை சம்மதிக்கவில்லை.

இந்தத் தடவை அவர் கேட்டது பெயரைப் பற்றி அல்ல. முந்திய மாதத்தைவிட இரண்டு மூன்று யுனிட்தான் கூட, ஆனால் காசு மட்டும் ஏன் இப்படிப் பாய்ந்திருக்கிறது என்று கேட்டார். பிறகு, யுனிட் என்றால் என்ன என்றும் கேட்டார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியதையும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் கூடியதையும் செய்தியாக எழுதியவள் நான். பின்னர் குறைத்ததையும் திரும்பக் கூட்டியதையும் எழுதியிருக்கிறேன். வீதங்களை எழுதினேனே தவிர, எதன் வீதம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அன்றிரவு மின்குமிழைக் கழற்றிப் பார்த்தேன். 9 வாட் என்றிருந்தது. வாட் ஒரு மனிதரின் பெயர் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. கேத்தில் மூடி ஆவியில் துள்ளுவதைப் பார்த்து நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்த சிறுவன் என்று படித்த ஞாபகம். அவரைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். கேத்தில் கதை பெரும்பாலும் கட்டுக்கதை என்று தெரிந்தது. உண்மைக் கதை பெரியம்மாவின் கேள்விக்கு இன்னும் கிட்டவாக இருந்தது. பில் போடுவதில் எழுந்த ஒரு சிக்கல்தான் அந்தக் கதையின் நடுவில் இருக்கிறது.

ஏழு வருடத் தொழிலை ஒரு வருடத்தில்

ஜேம்ஸ் வாட் 1736 ஜனவரி 19இல் ஸ்கொட்லாந்தின் கிரீனொக் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். தந்தை கப்பல் வேலையும் வியாபாரமும் செய்தவர். பாட்டனார் கணிதமும் கப்பலோட்டும் கணக்கும் படிப்பித்தவர். வாட் அடிக்கடி நோயில் விழும் பிள்ளை. அதனால் சிறு வயதில் பெரும்பாலும் வீட்டிலேயே தாயிடம் படித்தார். தந்தையின் பட்டறையில் சிறு ஆயுதங்களை வைத்து எதையாவது செய்துகொண்டிருப்பது அவரது பொழுதுபோக்கு.

தாய் இறந்து, தந்தையின் வியாபாரமும் நொடித்த பிறகு, 1755இல் அளவுக் கருவிகள் செய்யும் தொழில் பழக லண்டனுக்குப் போனார். முறைப்படி ஏழு வருடம் பழக வேண்டிய தொழில். அவரிடம் அதற்குக் காசும் இல்லை, காலமும் இல்லை. ஒரு வருடத்தில் இயன்றதைக் கற்றுக்கொண்டு உடம்பு கெட்டுத் திரும்பினார். கிளாஸ்கோவில் கடை போட முயன்றபோது, ஏழு வருடம் முடிக்காதவருக்கு இடமில்லை என்ற தொழிற்சங்க விதி குறுக்கே நின்றது. 1757இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் தன் வளவுக்குள் அவருக்கு ஒரு பட்டறை கொடுத்தது.

அங்கே 1763இன் குளிர்காலத்தில் பழுதான ஒரு சிறிய இயந்திர மாதிரி திருத்துவதற்காக அவர் கைக்கு வந்தது. அது நியூகொமன் என்பவர் வாட் பிறப்பதற்கு முன்பே உருவாக்கிய நீராவி இயந்திரத்தின் மாதிரி. சுரங்கங்களில் தண்ணீர் இறைக்க அந்த இயந்திரங்கள்தான் பாவனையில் இருந்தன. அதாவது, நீராவி இயந்திரத்தை வாட் கண்டுபிடிக்கவில்லை. அது எவ்வளவு நிலக்கரியை வீணாக்குகிறது என்பதைத்தான் கண்டுபிடித்தார்.

அந்த இயந்திரத்தில் ஒரே உருளைக்குள் நீராவியை விட்டு, பிறகு அதே உருளைக்குள் குளிர்ந்த தண்ணீரைத் தெளித்து ஆவியை ஒடுக்குவார்கள். ஒவ்வொரு அடிக்கும் உருளை சூடாகி, குளிர்ந்து, திரும்பச் சூடாக வேண்டும். உலை கொதித்ததும் பானையைப் பச்சைத் தண்ணீரில் அமிழ்த்திவிட்டு, அதே பானையில் அடுத்த உலையை வைப்பது மாதிரி. விறகில் பெரும்பகுதி பானையைச் சூடாக்கவே போய்விடும். 1765 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்துபோகையில் அவருக்கு விடை பிடிபட்டது. ஆவியை வேறொரு பாத்திரத்துக்குள் இழுத்து அங்கே குளிர்வித்தால் உருளை எப்போதும் சூடாகவே இருக்கும்.

யோசனை ஒரு நாளில் வந்தது. இயந்திரமாவதற்குப் பத்து வருடத்துக்கு மேல் பிடித்தது. 1769இல் காப்புரிமை எடுத்தார். கூட இருந்த பங்காளி ஜோன் ரோபக் கடனில் மூழ்கினார். வீட்டுச் செலவுக்காக வாட் கால்வாய்களுக்கு நில அளவை செய்யப் போனார். 1773இல் அப்படித் தூர இடத்தில் வேலையில் இருந்தபோதுதான் அவரது மனைவி மார்கரெட் பிள்ளைப்பேற்றில் இறந்தார். மறுவருடம் பேர்மிங்ஹாமுக்குக் குடிபெயர்ந்து, மத்தியூ போல்டன் என்ற தொழிலதிபரோடு சேர்ந்தார். 1775இல் பாராளுமன்றம் அவரது காப்புரிமையை 1800 வரை நீடித்தது. 1776இல் முதல் இயந்திரங்கள் வேலை செய்யத் தொடங்கின.

பூட்டிய பெட்டி

அவர்களது வியாபாரம் வித்தியாசமானது. இயந்திரத்துக்கு ஒரு விலை சொல்லி விற்றுவிட்டுப் போகவில்லை. பழைய இயந்திரத்தோடு ஒப்பிடும்போது எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ, அதன் பெறுமதியில் மூன்றில் ஒரு பங்கை வருடா வருடம் கேட்டார்கள்.

கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் எவ்வளவு மிச்சம் என்று யார் சொல்வது? இயந்திரம் எத்தனை அடி அடித்தது என்று தெரிந்தால்தான் கணக்குப் போடலாம். அதற்காக இயந்திரத்தில் ஒரு எண்ணுங்கருவியைப் பொருத்தினார்கள். ஒவ்வொரு அடிக்கும் அதன் இலக்கம் ஒன்று கூடும். அதை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். காலத்துக்குக் காலம் ஆள் போய் இலக்கத்தைப் பார்த்து எழுதிவரும். எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில் முத்திரை வைத்துத் தொங்கும் மீற்றர் பெட்டியின் மூதாதை அது என்று சொல்லலாம்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கோர்ன்வோலின் சுரங்க முதலாளிகள் இந்தக் கணக்கில் கொதித்தார்கள். சிலர் காசைக் கட்டாமல் இழுத்தார்கள். சிலர் வேறு ஆட்களிடம் இயந்திரம் செய்வித்தார்கள். வழக்குகள் 1799 வரை இழுபட்டு, வாட்டுக்குச் சாதகமாக முடிந்தன. தன் காப்புரிமையைக் காப்பதில் அவர் கடுமையானவர். அந்தக் காலத்தில் மற்றவர்களின் முயற்சிகளை அவர் முடக்கினார் என்ற விமர்சனம் இன்றும் உண்டு.

பிறகு இன்னொரு சிக்கல் வந்தது. எண்பதுகளில் வாட்டின் இயந்திரம் சக்கரம் சுற்றவும் பழகிவிட்டது. மதுவடிசாலைகளும் மாவாலைகளும் அதைக் கேட்டன. அவர்களிடம் பழைய நீராவி இயந்திரம் இருக்கவில்லை, குதிரைகள்தான் இருந்தன. எங்கள் களத்தில் எருமைகள் சூடு மிதித்துச் சுற்றியதைப் போல, அங்கே குதிரைகள் சுற்றிச் சுற்றி ஆலையை இழுத்தன. நிலக்கரி மிச்சம் என்று அவர்களிடம் கணக்குக் காட்ட முடியாது. எத்தனை குதிரைக்குப் பதில் இந்த இயந்திரம் என்றுதான் சொல்ல முடியும்.

ஆகவே ஒரு குதிரை எவ்வளவு வேலை செய்கிறது என்று வாட் கணக்கிட்டார். ஒரு நிமிடத்தில் 33,000 இறாத்தலை ஓரடி உயர்த்தும் வலு என்று முடிவுசெய்தார். எங்கள் அளவில் சொன்னால், 76 கிலோ நெல் மூட்டையை ஒரு செக்கனில் ஒரு மீற்றர் தூக்கும் வலு. ஒரு சாதாரணக் குதிரை நாள் முழுக்க இழுக்கக்கூடியதைவிட இது கூட. வாங்குபவர் ஏமாந்தேன் என்று சொல்லக்கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார். அந்தக் குதிரைவலுக் கணக்கில் ஆண்டுக் கட்டணம் வாங்கினார்கள்.

குதிரைவலு என்ற அலகு இப்படித்தான் பிறந்தது. கிணற்றடியில் இருக்கும் தண்ணீர் மோட்டரில் 0.5 எச்.பி. என்று எழுதியிருக்கிறதே, அது இதன் பாதி.

கணக்கில் வராதவர்கள்

வாட்டைப் பற்றி எழுதும்போது இதையும் எழுத வேண்டும். கிரீனொக்கிலும் கிளாஸ்கோவிலும் அன்று புரண்ட காசில் அடிமை உழைப்பின் பங்கு இருந்தது. அவரது தந்தையின் வியாபாரமும் அந்தக் கடல்வழிகளில்தான் ஓடியது. 1762இல் கறுப்பினச் சிறுவன் ஒருவனைக் கைமாற்றும் காரியத்தில் இளைஞரான வாட்டும் பங்கெடுத்ததை அண்மைய ஆய்வுகள் வெளிக்கொணர்ந்துள்ளன. பின்னாளில் போல்டன் – வாட் இயந்திரங்கள் கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கும் போயின. அங்கே கரும்பு வெட்டியவர்கள் அடிமைகள். குதிரையின் உழைப்பை அளந்து பெயர் வைத்த அந்தக் காலம், இந்த மனிதர்களின் உழைப்பைச் சொத்துப் பதிவேட்டில்தான் எழுதியது.

1800இல் காப்புரிமை முடிந்ததும் வாட் ஓய்வுபெற்றார். 1804இல் மகன் கிரெகரி இளவயதில் இறந்துபோனார். கடைசிக் காலத்தில் வீட்டின் கூரையடி அறையில், சிற்பங்களைப் பிரதி செய்யும் இயந்திரமொன்றோடு பொழுதைக் கழித்தார். அந்த அறையை அப்படியே பெயர்த்து லண்டன் விஞ்ஞான அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். 1819 ஓகஸ்ட் 25இல், 83 வயதில் இறந்தார். பிரித்தானியாவில் இருக்கும் எங்கள் உறவுகள் சில வருடங்களுக்கு முன்புவரை கையில் வைத்திருந்த 50 பவுண் தாளில் போல்டனோடு சேர்ந்து இருந்தவர் இவர்தான்.

வாட் இறக்கும்போது எந்த வீட்டிலும் மின்சார விளக்கு இல்லை. 1882இல்தான், வில்லியம் சீமென்ஸ் என்ற பொறியியலாளர் மின்வலுவின் அலகுக்கு வாட்டின் பெயரை வைக்கலாம் என்று முன்மொழிந்தார். வாட் கண்டுபிடித்த குதிரைவலு ஒன்று, அவர் பெயர் தாங்கிய புதிய அலகில் 746 வாட்.

துருசும் வயலும்

இனிப் பெரியம்மாவின் கேள்வி. அவருக்கு நான் விளங்கப்படுத்தியது கந்தளாய்க் குளத்தை வைத்துத்தான். எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் அங்கிருந்து வருகிறது.

குளத்தில் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அந்தத் தள்ளும் விசை வோல்ட். எங்கள் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். வாய்க்காலில் ஓடும் தண்ணீரின் அளவு அம்பியர். இரண்டையும் பெருக்கினால் வாட். அது எந்த வேகத்தில் வேலை நடக்கிறது என்பதைச் சொல்லும். துருசை எவ்வளவு நேரம் திறந்து விட்டோம், வயலுக்கு மொத்தமாக எவ்வளவு தண்ணீர் வந்தது என்பதுதான் யுனிட். பில்லில் வருவது அந்த மொத்தம்.

1000 வாட் ஒரு கிலோவாட். 1000 வாட் சாமான் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு கிலோவாட் மணித்தியாலம். அதுதான் ஒரு யுனிட். கணக்கு இவ்வளவுதான்: சாமானில் எழுதியிருக்கும் வாட்டை, ஓடிய மணித்தியாலத்தால் பெருக்கி, 1000ஆல் பிரியுங்கள். 10 வாட் மின்குமிழ் 100 மணித்தியாலம் எரிந்தால் ஒரு யுனிட். 1000 வாட் அயன் பெட்டி ஒரே மணித்தியாலத்தில் அதை முடித்துவிடும். வாட்டின் குதிரை ஒரு யுனிட் வேலை செய்ய ஒரு மணித்தியாலமும் 20 நிமிடமும் இழுக்க வேண்டும்.

பெரியம்மா வீட்டுக் கணக்கைக் கொப்பியில் எழுதினோம். அவர் தையல் வேலை செய்கிறவர். பிரிஜ் இல்லை. 30 நாளைக்கு இப்படி வந்தது:

9 வாட் மின்குமிழ் நான்கு, நாளுக்கு 5 மணித்தியாலம் – 5.4 யுனிட்.
75 வாட் ஃபேன், நாளுக்கு 10 மணித்தியாலம் – 22.5 யுனிட்.
700 வாட் றைஸ் குக்கர், நாளுக்கு அரை மணித்தியாலம் – 10.5 யுனிட்.
60 வாட் ரீவி, நாளுக்கு 4 மணித்தியாலம் – 7.2 யுனிட்.
தண்ணீர் மோட்டர், நாளுக்கு அரை மணித்தியாலம் – 7.5 யுனிட்.
1000 வாட் அயன் பெட்டி, நாளுக்குக் கால் மணித்தியாலம் – 7.5 யுனிட்.

மோட்டரில் ஒரு கவனம் வேண்டும். அரைக் குதிரைவலு என்றால் 373 வாட். ஆனால் அது மோட்டர் வெளியே தரும் வலு. அதைத் தர மோட்டர் உள்ளே இழுப்பது அதைவிடக் கூட. நாங்கள் 500 வாட் என்று வைத்தோம்.

கூட்டிப் பார்த்தால் 60.6 யுனிட்.

பில் பாய்ந்த காரணம் அந்த இடத்தில்தான் இருந்தது. எங்கள் வீட்டு மின்கட்டணத்தில் 60 ஒரு வேலி. மாதம் 60 யுனிட்டுக்குள் நின்றால் ஒரு விலைப்பட்டியல். அதைத் தாண்டினால் தாண்டிய யுனிட்டுக்கு மட்டும் கூடிய விலை அல்ல, முதல் 60 யுனிட்டின் விலையும் வேறு பட்டியலுக்கு மாறிவிடும். நிலையான கட்டணமும் கூடும். ஒன்றிரண்டு யுனிட் கூடியதற்குக் காசு பாய்வது அதனால்தான். ஃபேனை விடியப்புறம் ஒரு மணித்தியாலம் முந்தி நிறுத்தினால் மாதம் 2.25 யுனிட் குறையும். 58க்கு வந்துவிடலாம்.

இன்னொன்றையும் பார்த்தோம். அயன் பெட்டியும் றைஸ் குக்கரும் ஒரே 5 அம்பியர் பிளக்கில், ஒரு மல்டி பிளக்கின் வழியாகச் செருகியிருந்தன. 1700 வாட்டை 230ஆல் பிரித்தால் 7.4 அம்பியர். 5 அம்பியருக்குச் செய்த இடத்தில் அது ஓடினால் கம்பி சூடாகும். அன்றே இரண்டையும் வேறாக்கினோம்.

குடாவுக்கு அந்தப் பக்கம்

இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது எனக்குச் சம்பூர் ஞாபகம் வந்தது. எங்கள் மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவின் அந்தப் பக்கம் இருக்கும் ஊர். 2006இல் மக்கள் அங்கிருந்து இடம்பெயர்ந்தார்கள். பிறகு அந்த நிலத்தில் 500 மெகாவாட் அனல்மின் நிலையம் வரும் என்றார்கள். வருடக்கணக்காக முகாம்களில் இருந்து 2015இலும் 2016இலும் கட்டம் கட்டமாகத் திரும்பினார்கள். 2016இல் அனல்மின் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கே 120 மெகாவாட் சூரியமின் திட்டம் ஆரம்பித்து வைக்கப்பட்டது.

இந்த மெகாவாட்டுகளையும் நான் செய்தியில் எழுதியிருக்கிறேன், அளவு தெரியாமலே. ஒரு மெகாவாட் 1000 கிலோவாட். 120 மெகாவாட் நிலையம் நல்ல வெயிலில் முழு வலுவோடு ஒரு மணித்தியாலம் ஓடினால் 120,000 யுனிட். பெரியம்மா வீட்டைப் போல 2,000 வீடுகளின் ஒரு மாதப் பாவனை அது. அனல்மின், சூரியமின் என்று எங்கள் நிலத்தில் பெரிய இலக்கங்கள் பேசப்படும்போது, அது எத்தனை வீட்டுக்கு, யாருடைய வீட்டுக்கு என்று கேட்க இந்தச் சின்னக் கணக்குத் தேவை. கணக்குத் தெரியாதவரிடம் யாரும் கணக்குக் காட்டுவதில்லை.

கோர்ன்வோல் முதலாளிகளுக்கு வாட்டோடு வழக்காட வசதி இருந்தது. எங்களுக்கு அது இல்லை. ஆனால் பெட்டி பூட்டியிருந்தாலும் கண்ணாடிக்குள் இலக்கம் தெரிகிறது. மானி வாசிக்க ஆள் வரும் நாளில் அந்த இலக்கத்தை நாமும் எழுதிவைக்கலாம். சில மானிகளில் கடைசி இலக்கம் சிவப்பாக இருக்கும். அது முழு யுனிட் அல்ல, யுனிட்டில் பத்தில் ஒரு பங்கு. அடுத்த மாத இலக்கத்திலிருந்து முந்திய மாத இலக்கத்தைக் கழித்தால் வருவது உங்கள் யுனிட். பில்லில் இருப்பதும் அதுவாக இருக்க வேண்டும்.

பெரியம்மா மாதக் கடைசி வரை காத்திருக்கவில்லை. விறாந்தையில் தொங்கும் கலண்டரில், காலை விளக்கு வைத்த கையோடு, அன்றன்றைய இலக்கத்தைப் பென்சிலால் எழுதுகிறார். 20ஆம் திகதிக்குள் 40ஐத் தாண்டினால் அயன் பெட்டியைக் குறைத்துக்கொள்கிறார். போன மாதம் 57இல் முடிந்தது. பில் வந்ததும் அதில் தன் கணக்கைச் சரிபார்த்துவிட்டு, பெரியப்பாவின் பெயரை ஒருதரம் வாசித்து, மடித்து அலுமாரிக்குள் வைத்தார்.